ரப்பர் தோட்டத்தை விற்காதீர்கள்

சார், போன சனிக்கிழமை டாக்டர் மகளின் மேல்படிப்பு பற்றிக் கேட்க, நீங்களும் மனைவியும் அவளோடு வந்தபோது, "பார்க்கலாம், கவலைப்படாதீர்கள்" என்று சொல்லி அனுப்பினேன். அது என் தப்பு. இப்போது நேராகவே சொல்கிறேன். ரேடியாலஜி (ஸ்கேன், எக்ஸ்ரே மருத்துவம்) படிப்பின் மேனேஜ்மென்ட் சீட்டுக்காக அருமனைத் தோட்டத்தை விற்காதீர்கள். பால் வெட்டிக்கொண்டிருக்கிற மரங்கள் அவை. "போட்டதை அஞ்சு வருசத்துல எடுத்துரலாம்" என்கிறார் உங்கள் தம்பி. போடப்போவது அவர் பணம் இல்லை, படிக்கப்போவதும் அவர் இல்லை.

உங்கள் மகள் பேசியது இரண்டே நிமிடம். ஹவுஸ் சர்ஜனாக ஓ.பி.யில் இருந்த நாளில், குளச்சல் அம்மா ஒருவர், மூளை முடக்குவாதம் உள்ள ஏழு வயதுப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாற்றுத்திறனாளி சான்றிதழுக்காக மூன்றாம் முறையாக வந்தாராம். "மருந்து எழுதத் தெரிஞ்சுது சார். எந்த ஆபீசுக்கு என்ன எழுதிக் குடுக்கணும்னு தெரியல." இதைச் சொல்லும்போது கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நீங்கள் செல்போனில் இருந்தீர்கள்.

அவளுக்கு ஏற்ற படிப்புகள் வேறு. எம்.டி. குழந்தை மருத்துவம் பற்றி உங்களுக்கே தெரியும், விடுவோம். திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் குழந்தை வளர்ச்சி மையம் இருக்கிறது. டாக்டர்களுக்கு வளர்ச்சி நரம்பியலில் (குழந்தைகளின் வளர்ச்சித் தாமதங்களைப் பார்க்கும் துறை) முதுநிலை டிப்ளமோ நடத்துகிறார்கள். குழித்துறையில் ரயில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அப்புறம், பெங்களூர் நேஷனல் லா ஸ்கூலில் குழந்தை உரிமைச் சட்ட டிப்ளமோவைத் தொலைநிலையில், வேலை பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

டாக்டருக்குச் சட்டம் எதற்கு என்பீர்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகள் உண்டு. குறைபாடு குறைந்தது 40 சதவீதம் என்று சான்றிதழில் இருந்தால்தான் 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாகக் கேட்க முடியும். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைக்கு 18 முடிந்துவிட்டால், பெற்ற தாய்கூடத் தானாகச் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கான மத்திய அரசின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், தெரபிக்கும் சேர்த்து. அந்தக் குளச்சல் அம்மாவுக்கு இதையெல்லாம் யார் சொன்னார்கள்? அங்கன்வாடியில் பரிசோதித்து 'வளர்ச்சித் தாமதம்' என்று எழுதிய பிள்ளை, அதற்குச் சிகிச்சை தரும் மாவட்ட மையத்துக்கு வந்து சேர்ந்ததா என்று கலெக்டர் மீட்டிங்கில் எழுந்து கேட்க, விஷயம் தெரிந்த ஒரு டாக்டர் வேண்டும்.

ரேடியாலஜி வருமானம் இதில் வராது. கடனும் வராது.

தோட்டத்துக்கு அட்வான்ஸ் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வருகிற சனிக்கிழமை மகள் மட்டும் வரட்டும். தம்பி வேண்டாம்.