ஆடும் பல்லை அவசரப்படுத்த வேண்டாம்

கேள்வி: தக்கலைக்கு அருகே வசிக்கிறோம். ஒன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்குக் கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடுகிறது. அது விழும் முன்பே அதன் பின்னால் இன்னொரு பல் முளைத்துவிட்டது. நூல் கட்டி இழுத்துவிடலாம் என்று மாமியார் சொன்னதிலிருந்து அவள் வாயைத் திறக்கவே மறுக்கிறாள். சரியாகச் சாப்பிடுவதும் இல்லை. கணவர் துபாயில் இருக்கிறார். பல் இரட்டை வரிசையாகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: அன்புச் சகோதரிக்கு, முதலில் அந்த நூலைக் குழந்தையின் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு 6 வயதையொட்டிக் கீழ்வரிசையின் நடுவிலுள்ள இரண்டு முன்பற்கள்தாம் முதலில் விழும். ஓராண்டு முன்பின் ஆனாலும் குறையில்லை. புதுப் பல் மேலெழும்ப எழும்பப் பால்பல்லின் வேர் சிறிது சிறிதாகக் கரைந்து, கடைசியில் ஈறின் பிடி மட்டும் மிஞ்சும்போது பல் தானாகக் கழன்றுவிடும். வேர் கரைந்து முடியும் முன் வலிந்து இழுத்தால்தான் வலியும் ரத்தமும் அதிகமாகும். அவள் நாக்காலோ கழுவிய விரலாலோ ஆட்டிக்கொண்டிருந்தால் தடுக்காதீர்கள். வலிக்கும் இடத்தில் அவளே நிறுத்திக்கொள்வாள்.

பின்னால் முளைத்த பல்லைப் பற்றிக் கவலை வேண்டாம். கீழ்வரிசையின் நிரந்தர முன்பற்கள் பால்பற்களுக்கு நாக்குப் பக்கமாகவே உருவாவதால், அவை இப்படி உள்ளே தலைகாட்டுவது பல் மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பதுதான். பழைய பல் விழுந்தபின், இடமிருந்தால், நாக்கின் அழுத்தமே புதியதைப் பெரும்பாலும் முன்னுக்குக் கொண்டுவந்துவிடும். இரண்டு மூன்று மாதங்கள் கழிந்தும் பால்பல் விழாமல் நின்றால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்குப் பல்லைவிட அவளுடைய பயம்தான் பெரிதாகப் படுகிறது. தன் உடம்பிலிருந்து ஒரு பாகம் கழன்று விழப்போகிறது என்பதே அந்த வயதில் திகைப்பான செய்தி. அதை இன்னொருவர் பிடுங்கப் போகிறார் என்றால் அவள் வாயை மூடிக்கொள்ளாமல் என்ன செய்வாள்? உங்கள் மாமியாரைக் குறை சொல்வதற்கில்லை, அவர் காலத்தில் அதுதான் வழக்கம். ஆனால் அந்தப் பயத்தை அவரே போக்குவதுதான் நல்லது. “மக்களே, பல்லு எப்பம் விழணுமோ அப்பம் விழட்டு, நாங்க யாரும் தொடமாட்டோம்” என்று அவர் வாயாலேயே ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். சொன்னபின் அந்த வாக்கை வீட்டில் எல்லோரும் காப்பாற்ற வேண்டும். விழுந்த பல்லைச் சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறியும் வழக்கம் உங்கள் வீட்டில் இருந்தால், அந்தப் பொறுப்பை ஆச்சியிடமே கொடுத்துவிடலாம். கணவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் பார்த்து வீடியோ காலில் அழைத்து, அவர் பார்க்கும்போது எறியட்டும். தந்தையிடம் காட்ட ஒன்றிருக்கிறது என்ற எண்ணமே அவளைப் பாதி தேற்றிவிடும்.

அதுவரை முறுக்கு, முந்திரிக்கொத்து போன்ற கடினமான பண்டங்களைத் தள்ளிவைத்து, குழைந்த கஞ்சி, மசித்த மரச்சீனிக் கிழங்கு, மட்டிப்பழம் என்று கொடுங்கள். பல் விழுந்ததும் ரத்தம் கசிந்தால், சுத்தமான பஞ்சை அந்த இடத்தில் வைத்துப் பத்து நிமிடம் மெல்லக் கடித்திருக்கச் செய்தால் போதும். அடிக்கடி வாய் கொப்பளிக்க வைத்தால் கசிவு நிற்கத் தாமதமாகும். விழுந்த பல்லைச் சோற்றோடு விழுங்கிவிட்டாலும் ஒன்றும் ஆகாது. கீழே விழுந்து அடிபட்டுப் பல் ஆடினால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதே வயதில், கடைசிப் பால்பல்லுக்கும் பின்னால், மூலைக்கு ஒன்றாக நான்கு நிரந்தரக் கடைவாய்ப் பற்கள் முளைக்கும். அவற்றுக்காக எந்தப் பல்லும் விழுவதில்லை என்பதால், பெற்றோர் பலர் அவற்றையும் பால்பல் என்றெண்ணி, சொத்தை விழுந்தாலும் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். அவை போனால் மாற்றுப் பல் முளைக்காது. அவற்றின் மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் உணவு எளிதில் தங்கிவிடும். ஆகவே காலையிலும் இரவு படுக்குமுன்னும், பட்டாணி அளவு ஃபுளூரைடு பற்பசையால், இன்னும் ஓரிரு ஆண்டுகளுக்காவது நீங்களே உடனிருந்து அவளுக்குப் பல் தேய்த்துவிடுங்கள். இந்த விடுமுறையில் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ, உங்களுக்குப் பழக்கமான பல் மருத்துவரிடமோ ஒருமுறை காட்டி, அந்தப் பள்ளங்களை அடைக்கும் பூச்சு அவளுக்குத் தேவைப்படுமா என்றும் கேட்டுவிடுங்கள்.