20 மி.மீ. துளையில் குறை இல்லை, பிளீனத்தைப் பாருங்கள்

தம்பி, உங்கள் கல்லூரி ஃபார்முலா காரில் கேடிஎம் 390 இன்ஜினுக்கு 20 மி.மீ. ரெஸ்ட்ரிக்டர் (உள்ளே போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் துளை) மாட்டியதும் 7,000 ஆர்பிஎம்முக்கு மேல் இழுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். துளை போட்டி விதிப்படிதான் இருக்கிறது, அதை விடுங்கள். எனக்குச் சந்தேகம் துளைக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காற்றைத் தேக்கி வைக்கும் பெட்டியான அந்த ஒரு லிட்டர் பிளீனத்தின் மேல்தான்.

கணக்கைப் பாருங்கள். அந்தத் துளையில் நொடிக்கு அதிகபட்சம் 74 கிராம் காற்றுதான் போகும். காற்று அங்கே ஒலிவேகத்தைத் தொட்டுவிட்டால் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதலாக வராது. 373 சிசி இன்ஜின் 9,000 ஆர்பிஎம்மில் கேட்பது சராசரியாக 34 கிராம் போலத்தான். ஆனால் ஒற்றை சிலிண்டர், நான்கு ஸ்ட்ரோக்கில் ஒன்றில் மட்டும் உறிஞ்சுகிறது. அந்த ஒரு கணத்தில் தேவை 130 கிராமைத் தாண்டும். பிளீனம் சின்னதாக இருந்தால் அந்த இழுப்பு முழுவதும் துளையின் தலையில்தான் விழும். மூன்று லிட்டரில் தொடங்குங்கள். த்ராட்டில் கொஞ்சம் மந்தமாகும், பரவாயில்லை.

அப்புறம், துளைக்குப் பின்னால் விரியும் கூம்பு ஒரு பக்கம் 6, 7 டிகிரிக்குள் இருக்கட்டும். மதுரை கப்பலூர் பக்கம் நல்ல லேத் பட்டறையில் கொடுத்து அலுமினியத்தில் ஒரே துண்டாகக் கடையச் சொல்லுங்கள். உள்ளே விரலால் தடவினால் எங்கும் படி தட்டக் கூடாது.

3டி அச்சு பிளீனம் என்றால் காற்றுக் கசிவும் இருக்கலாம். ஐட்லிங்கில் இன்டேக் வாயை ரப்பர் தகட்டால் மூடுங்கள், இன்ஜின் உடனே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் போட்டியின் தொழில்நுட்பச் சோதனையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பிளீனம் மாற்றியதும் எரிபொருள் மேப்பையும் (எந்த நிலையில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) புதிதாகப் போடுங்கள். ஏஎஃப்ஆர் (காற்று-எரிபொருள் விகிதம்) ரீடிங் கிடைத்தால் இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.