தண்ணீர் வரும் நாள் – கடிதம்

அன்புள்ள சார்,

நானும் உங்கள் ஊர்க்காரன்தான், கோவில்பட்டி. 16 வருடமாக டாலஸில் இருக்கிறேன். ஜூலையில் குடும்பத்தோடு மூன்று வாரம் ஊருக்கு வந்திருந்தேன். டீக்கடையில் ரூபாய் நோட்டை நீட்டினால் ஜிபே இல்லையா என்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கும் ஹாரன். தெருவில் பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை, தெரிந்தவர்கள் சம்பளம் எவ்வளவு என்று கேட்டார்கள். பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று அம்மா கேன் தண்ணீர் வாங்கி வைத்திருந்தார், சொந்த வீட்டிலேயே விருந்தாளி மாதிரி இருந்தது. மற்றபடி அம்மா தனியாக நன்றாகவே சமாளித்துக்கொள்கிறார். ரிடயர்டு ஆனபிறகு ஊரிலேயே வந்து இருந்துவிடலாமா என்று ஒரு யோசனை. சரிப்பட்டு வருமா?

கே.

அன்புள்ள கே.,

ஹாரனுக்கும் ஜிபேக்கும் என்னிடம் பதில் கிடையாது. சம்பளம் கேட்பதெல்லாம் நம் ஊரில் சாப்பிட்டாச்சா என்று கேட்பது மாதிரி, வாயில் வந்த தொகையைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள், யாரும் ரசீது கேட்கப் போவதில்லை.

போகிறபோக்கில் கேன் தண்ணீர் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், நான் அதிலேயே நின்றுவிட்டேன். போன வாரம்தான் ஊருக்குப் போய், பூட்டிக் கிடந்த வீட்டை ஒழித்து, அம்மாவின் பித்தளைக் குடங்கள் ஐந்தையும் எடைக்குப் போட்டுவிட்டு வந்தேன். 18 கிலோ சொச்சம். கடைக்காரர் ஒரு குடத்தின் கழுத்தைத் தடவிப் பார்த்து, "இது ரொம்ப அடி வாங்கிருக்கே சார்" என்றார். வாங்கியதுதான். தெருக்குழாயடியில் எதிர்வீட்டு அத்தையின் குடத்தோடு மோதி வாங்கிய அடி. வரிசைக்குக் குடத்துக்குப் பதில் கல் வைத்திருந்தோம், அந்தக் கல்லை யாரோ காலால் எத்திவிட்டார்கள் என்று சண்டை. கல்லுக்குக் காவல் நான்.

டாலஸில் இருந்து மறந்திருக்கும், அதனால் சொல்கிறேன். நம் கரிசல் காட்டில் தோண்டினால் பெரும்பாலும் உப்பு. பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் பக்கம் கடலில் விழுகிற தாமிரபரணி, நம் ஊரை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அது சிற்றாற்றோடு சேருகிற சீவலப்பேரியில் தண்ணீரை எடுத்து, பம்ப் வைத்து மேட்டுக்கு ஏற்றி, குழாயிலேயே கொண்டுவர வேண்டும். இப்போது இரண்டாவது பைப்லைன் வந்து பரவாயில்லை என்கிறார்கள். அன்றைக்குப் பத்து நாளைக்கு ஒருமுறை, கோடையில் அதுவும் நிச்சயமில்லை. வரும் நாள் தெரிந்தாலும் நேரம் தெரியாது. வேகம் பத்தாது என்பதால் வாசலில் குழி தோண்டி, குழிக்குள்தான் குழாய். அம்மா அதைத் திறந்தே விட்டு, அடியில் ஒரு அலுமினியத் தட்டைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் படுப்பாள். முதலில் உஸ்ஸென்று காற்று வரும், அப்புறம் கலங்கலாக ஒரு வாய், அது தட்டில் விழுந்து 'டண்' என்றால் ராத்திரி இரண்டு மணி என்றாலும் எழுந்துவிடுவாள். குழிக்குள் குனிந்து சொம்பு சொம்பாக மொண்டு, வேட்டித்துணியில் வடிகட்டி, ஐந்து குடமும் நிறைந்தபிறகுதான் என்னை எழுப்புவாள், உள்ளே தூக்கி வைக்க.

நன்றாகவே சமாளித்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, எப்படி என்று கேட்டீர்களா? அந்த மூன்று வாரத்தில் உங்கள் வீட்டில் எத்தனை தடவை தண்ணீர் வந்தது, எந்த ராத்திரி, யார் எழுந்து மோட்டார் போட்டது? தெரியாது. ஏசி அறையில் கதவைச் சாத்திப் படுத்திருந்தவருக்கு எப்படித் தெரியும்? கேன் வாங்கி வைத்ததில் மனசு புண்பட்டதாம். அந்தக் கேனை மாடிக்குத் தூக்கியது யார் என்றாவது தெரியுமா?

உங்களைத் திட்ட எனக்கும் யோக்கியதை கிடையாது. சென்னையில் வேலை கிடைத்த புதிதில் லீவுக்கு வந்து, ரயில் அழுக்குப் போக நாலு வாளி ஊற்றிக் குளித்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் கொல்லைப்பக்கம் போனால், அரிசி களைந்த தண்ணீரைச் சருவத்தில் சேர்த்து வைத்து அதில் கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் சருவத்தை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, "காப்பி போடட்டுமா?" என்றாள். நான் போடு என்றேன்.

என்ன கேட்டீர்கள், ஊருக்கு வருவது பற்றியா? கடலைமிட்டாய் ஆசையில் என்றால் வர வேண்டாம், 2020-இல் புவிசார் குறியீடே வாங்கிவிட்டது, பார்சலில் அனுப்புவார்கள். மற்றதை இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அடுத்த தடவை டிக்கெட் போடுவதற்கு முன்னால் தண்ணீர் என்றைக்கு வரும் என்று அம்மாவிடம் கேளுங்கள். "அதெல்லாம் ஒண்ணும் பிரச்சினை இல்லப்பா, நீ வா" என்பார். எதிர்வீட்டில் கேளுங்கள்.