ஈர மணலில் சூடு எங்கே போகிறது?

கேள்வி: காசிமேடு கடற்கரையில் மதியம் காய்ந்த மணலில் கால் வைக்க முடியவில்லை. அலை நனைத்த மணல் ஜில்லென்று இருக்கிறது. ஆனால் ஈர மணல்தான் வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்கிறான் என் மகன். எது சரி ஐயா?
– ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: இரண்டும் சரிதான் அம்மா. காய்ந்த மணலில் துகள்கள் ஒன்றையொன்று ஊசிமுனை அளவுக்குத்தான் தொடுகின்றன. மிச்ச இடமெல்லாம் காற்று. காற்று வெப்பத்தைக் கடத்துவதில் படு மந்தம். அதனால் வெயிலின் சூடு கீழே இறங்க வழியில்லாமல் மேலேயே தேங்கிக் காலைச் சுடுகிறது. அங்கேயே ஒரு சாண் தோண்டிப் பாருங்கள், சூடு வெகுவாகக் குறைந்திருக்கும். நனைந்த மணலில் சூடு ஆழத்துக்குப் போய்விடும். தண்ணீர் சூடாகவும் நிறைய வெப்பம் வேண்டும். ஆவியாகும்போது இன்னும் நிறைய வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும்.

காய்ந்த மணலின் கடத்துதிறன், ஒரு சதுர மீட்டர் பரப்பில், மீட்டருக்கு ஒரு டிகிரி வித்தியாசத்தில், சுமார் 0.3 வாட். நீர் நிரம்பிய குவார்ட்ஸ் மணலில் 2 வாட்டுக்கு மேல். ஆனால் மணல் ஊறிக் கிடக்க வேண்டும் என்பதில்லை. முதலில் சேரும் சொற்ப ஈரம் துகள்கள் தொடும் இடங்களில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். துகளுக்குத் துகள் பாலம் போட்டுவிடும். கடத்துதிறன் சட்டென்று ஏறுவது அப்போதுதான். பிறகு ஊற்றும் தண்ணீருக்கு அவ்வளவு பலன் இல்லை.

வடசென்னைத் தெருக்களில் பூமிக்கடியில் மின்கேபிள் பதித்தவன் நான். இந்த ஈரத்தின் அருமை அங்கேதான் தெரியும். மே மாதம் வீட்டுக்கு வீடு ஏசி ஓடும்போது கேபிள் சூடாகும். பக்கத்து மணலில் உள்ள ஈரம் ஆவியாகி, தள்ளியிருக்கும் குளிர்ந்த மணலுக்கு நகர்ந்துவிடும். கேபிளைச் சுற்றி மணல் காயும். காய்ந்த மணல் சூட்டை வெளியே விடாது; கேபிள் இன்னும் சூடாகும், மணல் இன்னும் காயும். கேபிள் கம்பியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறை எக்ஸ்எல்பிஇ என்ற வகையானால் தொடர்ந்து தாங்குவது 90 டிகிரி, பிவிசி என்ற வகையானால் 70 டிகிரி. அதற்கு மேல் போனால் உறையின் ஆயுள் குறையும்.

கடற்கரை மணல் ஒரே அளவுத் துகளாக இருப்பதால் ஈரத்தைச் சீக்கிரம் விட்டுவிடும். அதனால் கேபிள் பள்ளத்தில் பொடியும் பருமனும் கலந்த மணலைப் போட்டு, லேசாக நனைத்து, நன்றாக இடித்துவிட்டால் இடைவெளி குறையும், ஈரமும் நிற்கும். உங்கள் தெருவில் கேபிள் பள்ளத்தில் இடிந்த கட்டடக் கல்லையும் செங்கல் துண்டையும் தள்ளி மூடினால், சும்மா பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கேபிளைச் சுற்றி முதலில் மணல் போடச் சொல்லிக் கேளுங்கள்.