'ஈட் டிரிங்க் மேன் வுமன்' படத்தைச் சிலர் தலையில் தூக்கி வைக்கிறார்கள், சிலர் சலிப்பு என்கிறார்கள். எதை நம்புவது?

யாரோ ஒரு நண்பர் 'சாப்பாட்டுப் படம், நாக்கில் எச்சில் ஊறும்' என்று சொல்லி உங்களை உட்கார வைத்திருக்கிறார். உங்களுக்குப் பாதியிலேயே கொட்டாவி வந்திருக்கிறது. கேள்வியைப் படித்தால் அப்படித்தான் தெரிகிறது. உங்கள் மேல் தப்பில்லை, சாப்பாட்டுப் படம் என்று சொன்னதுதான் வினை.

நான் சினிமா விமர்சகன் இல்லை. சிங்கப்பூரில் ஒரு தென்னிந்திய உணவகத்தில் அடுப்படியில் நிற்கிறவன். 'சமையல்காரனுக்கு உலக சினிமா எதுக்கு' என்று கேட்பவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். கதையையும் சொல்லிவிடுவேன், அப்புறம் குறைப்படக் கூடாது.

படம் 1994-ல் வந்தது. இயக்குநர் ஆங் லீ, பிற்பாடு பாண்டிச்சேரிக்கு வந்து 'லைஃப் ஆஃப் பை' எடுத்தாரே, அவரேதான். தைபேயில் சூ என்று ஒரு பெரிய சமையல் மாஸ்டர், மனைவி இல்லை, கல்யாண வயதில் மூன்று மகள்கள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மேசை நிறைய விருந்து. மகள்களுக்கு அது தண்டனை மாதிரி. விருந்தில் யாராவது ஒருவர் 'ஒரு விஷயம் சொல்லணும்' என்று ஆரம்பிப்பார், வீட்டில் ஒவ்வோர் ஆளாகக் குறையும். இதற்கு நடுவில் மாஸ்டருக்கு ருசி தெரியாமல் போயிருக்கும். சீனப் படம் என்று சொன்னால், தைவான் படம் என்று ஒருவர் திருத்த வருவார். மொழி மாண்டரின், ஊர் தைபே. 1949-ல் சீன உள்நாட்டுப் போரில் தோற்ற அரசோடு தைவானுக்குப் போனவர்கள் பல மாகாணத்துச் சமையலையும் கூடவே கொண்டுபோனார்கள். எல்லாம் கலந்து ஒரே ருசியாகிவிட்டது என்று சூ படத்திலேயே புலம்புவார்.

எங்கள் ஆட்கள் சிலர் ஓய்வு நாளில் உணவகத்து மாடியில் சேர்ந்து பார்த்தோம். ஆளுக்கொரு படம் பார்த்த மாதிரி இருந்தது. முதல் சில நிமிடங்கள் பேச்சே கிடையாது, மீன், பன்றி, வாத்து என்று வெட்டும் பொரிப்பும்தான். கல்லாவில் இருக்கும் அக்கா சைவம், மீனிலேயே எழுந்து போய்விட்டார். பரோட்டா மாஸ்டருக்கோ தலைகால் புரியவில்லை. "கத்தி போற வேகத்தைப் பாருங்கண்ணே" என்று என் தொடையில் அடித்தார். ஆனால் விருந்து மேசைக்குப் படம் வந்ததும் போனை நோண்ட ஆரம்பித்துவிட்டார். "இவ்வளவு சமைச்சும் ஒருத்தரும் ஒழுங்கா சாப்பிடலையேண்ணே, என்ன படம் இது?"

அவர் சலித்துக்கொண்டு சொன்னதுதான் படமே. அந்த மேசையில் யாருக்கும் பசி கிடையாது. 'உணவே அன்பு' என்று இந்தப் படத்துக்கு உருகி உருகி எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பரோட்டா மாஸ்டராவது பார்த்ததைச் சொன்னார்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்பீர்கள். எனக்கு 2021-ல் கொரோனா வந்து போனது. காய்ச்சல் போச்சு, கூடவே வாசனையும் போச்சு. உப்பு, புளிப்பு, இனிப்பு நாக்கில் தெரியும், காரம் எரியும், அவ்வளவுதான். ஏலக்காயா கிராம்பா என்று கண்ணால் பார்த்தால்தான் உண்டு. ரசம் வெறும் புளித்த சுடுதண்ணீர். முதலாளியிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைக் காய்கறி வெட்ட உட்கார வைப்பார், அல்லது ஊருக்கு டிக்கெட் போடுவார். தாளிப்பைக் காதால் பார்த்தேன், கடுகு ஓய்ந்ததும் அடுத்தது. பூண்டுக்கு நிறம், மசாலா வதங்கியதற்கு ஓரத்தில் பிரியும் எண்ணெய். கூட இருந்த ஹெல்பர் தம்பியிடம் கரண்டியை நீட்டி, அவன் முகத்தைப் பார்ப்பேன். புருவம் சுருங்கினால் ஏதோ குறை.

சூவும் இதையேதான் செய்கிறார். வென் என்ற பழைய நண்பர், அவரும் மாஸ்டர், ருசி பார்ப்பார். இவர் அந்த முகத்தைப் படிப்பார். பெரிய ஹோட்டல் விருந்தில் சுறாத்துடுப்பு சரியில்லை என்று இவரை வீட்டிலிருந்து ஓடிவரச் சொல்வார்கள். ருசி தெரியாத மனிதர் வந்து நின்று அதை வேறொரு பண்டமாக்கி மேசைக்கு அனுப்பிவிடுவார். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தக் காட்சியில் வயிற்றைப் பிசையும். அங்கே வேலை செய்தது அன்பில்லை சார், நாற்பது வருஷக் கைப்பழக்கம். எனக்கும் அந்த மாதங்களில்தான் ஒரு வாடிக்கையாளர் உள்ளே வந்து "மீன் தலைக் கறி பிரமாதம்" என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். அன்று இரவு எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

படத்தில் சூவுக்கு ருசி போனதைக் கண்டுபிடிப்பது இரண்டாவது மகள் ஜியா சியென். விமானக் கம்பெனியில் பெரிய வேலை. சூப்பை ஒரு வாய் வைத்ததும் உள்ளே போட்ட இறைச்சி சரியில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள், அப்பாவுக்குச் சுள்ளென்று கோபம் வரும். அந்த வீட்டில் அவர் நாக்கு வாய்த்தது இவள் ஒருத்திக்குத்தான். சின்ன வயதில் இவளைத்தான் 'போய்ப் படி' என்று சமையலறையிலிருந்து அவர் துரத்தியிருக்கிறார். திமிர் பிடித்தவள் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

பாத்திரம் கழுவும் சீன ஆன்ட்டியின் சண்டை வேறு. கடைசி விருந்தில் சூ, மூத்த மகளின் தோழி ஜின் ரோங்கைக் கட்டிக்கொள்ளப் போவதாக அறிவிப்பார். அவளுடைய அம்மா, அமெரிக்காவிலிருந்து திரும்பிய லியாங் அம்மாள், அதுவரை மாப்பிள்ளை தனக்குத்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பார். ஆன்ட்டிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஜின் ரோங்கின் குட்டிப் பெண்ணுக்குச் சூ தினமும் பள்ளிக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்தாரே, "டிபன் டப்பாவை வைத்து வீட்டுக்குள் புகுந்துவிட்டான் கிழவன்" என்றார். லியாங் அம்மாளுக்குச் சூ எந்த வாக்கும் கொடுக்கவில்லையே என்று நான் வாதாடினேன். "வாயால் சொன்னால்தான் வாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். லியாங் அம்மாளைச் சிகரெட்டும் புலம்பலுமாகக் கோமாளி ஆக்கியிருப்பது எனக்கும் பிடிக்கவில்லை.

அந்த விருந்தில் சூ வீட்டை விற்றுவிட்டதாகவும் சொல்வார். முற்றம், மீன் தொட்டி, கோழிக்கூடு, ஆள் உயர அடுக்கடுக்காக இட்லிச் சட்டி மாதிரி ஆவிக்கூடைகள், இவ்வளவும் உள்ள வீடு! எனக்கு மகள்கள் போனதைவிட அந்தச் சமையலறை போனதுதான் வலித்தது. இங்கே வாடகைக்கு அறை தேடியவர்களுக்குத் தெரியும், விளம்பரத்திலேயே 'லைட் குக்கிங்' என்று போட்டிருப்பார்கள். அதாவது மேகி போடலாம், தாளிக்கக் கூடாது. நாள் முழுக்க ஊருக்குச் சமைத்துவிட்டு வந்து ஒரு முட்டை பொரிக்க நான் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் அடுப்பைத் தொட்டுப் பார்த்துச் சூடு இருக்கிறதா என்று சோதித்தார். சீனர்களைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், அவர் தமிழர்தான். எங்கள் உணவகத்து மட்டன் சுக்காவை வாரம் தவறாமல் வாங்குகிறவர்.

சரி, கேள்விக்கு வருகிறேன். முடிவு செயற்கை என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். விற்ற வீட்டில் ஜியா சியென் கடைசியாக அப்பாவுக்குச் சமைக்கிறாள். அவர் சூப்பைக் குடித்துவிட்டு இஞ்சி அதிகம் என்று குறை சொல்வார். சொன்ன பிறகுதான் ருசி தெரிகிறதே என்று உறைக்கும். எனக்கு அது துளியும் செயற்கையாகப் படவில்லை. என் மூக்கு திரும்பி வந்தது மல்லிகை வாசனையோடு இல்லை. வெங்காயம் வதங்கும்போது ரப்பர் எரிகிற நாற்றம், காபியைக் கிட்டக் கொண்டுபோக முடியாது. ஹெல்பர் தம்பியைக் கூப்பிட்டு "என்னடா இப்படி நாறுது" என்று திட்டினேன், அவன் "மாஸ்டர், உங்களுக்கு வாசனை தெரியுது!" என்று கத்தினான். அதனால் இஞ்சியைக் குறை சொல்லும் சூவை நான் நம்புகிறேன். மற்றவர்கள் நம்பாவிட்டால் அவர்கள் பாக்கியம்.

இன்னொரு முறை பார்ப்பதாக இருந்தால் முதல் சமையல் காட்சியை ஓட்டிவிடுங்கள், உலகமே அதைத்தான் கொண்டாடுகிறது, பரவாயில்லை. மேசையில் உட்காரும் இடத்திலிருந்து பாருங்கள், இரண்டாவது மகள் எதை வாயில் வைக்கிறாள், எதைத் தள்ளுகிறாள் என்று மட்டும் கவனியுங்கள். அமெரிக்காவில் 2001-ல் இதே கதையை மெக்சிகன் குடும்பமாக்கி 'டார்ட்டில்லா சூப்' என்று எடுத்திருக்கிறார்கள், அதை முதலில் பார்த்துவிட வேண்டாம். அப்படியும் இந்தப் படம் ஒட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள். பரோட்டா மாஸ்டர் இன்றைக்கு வரை மாறவில்லை, அவரோடு நான் தினமும் சேர்ந்துதான் சாப்பிடுகிறேன்.