காஸ்மோஸ் டிபி கேள்வி பதில்: ரீஜன் வாயே திறக்கவில்லை என்றால்?

மைக்ரோசாஃப்ட்டின் கிளவுட் டேட்டாபேஸான அஸூர் காஸ்மோஸ் டிபியை டாட்நெட் எஸ்டிகே (நம் புரோகிராமில் சேர்க்கும் லைப்ரரி) வழியாகப் பயன்படுத்துபவர்கள் கேட்டவையும் என் பதில்களும். ரீஜன் என்றால் டேட்டாவை வைத்திருக்கும் டேட்டா சென்டர்கள் உள்ள பகுதி.

கேள்வி: சென்ட்ரல் இந்தியா, சவுத் இந்தியா, சவுத் ஈஸ்ட் ஏஷியா மூன்றிலும் டேட்டா இருக்கிறது. ஒன்று படுத்தால் அடுத்ததுக்குத் தானாகப் போய்விடாதா சார்?

பதில்: அப்ளிகேஷன் ப்ரிஃபர்ட் ரீஜன்ஸ் என்ற செட்டிங்கில் மூன்றையும் வரிசையாகக் கொடுத்திருந்தால் ரீட் போய்விடும். படுத்துவிட்ட ரீஜனால் பெரிய தொல்லை இல்லை, கனெக்‌ஷன் மறுக்கப்பட்டாலோ 503 (சேவை இப்போது கிடைக்காது என்ற எரர்) வந்தாலோ எஸ்டிகே நகர்ந்துவிடும். உயிரோடு இருந்துகொண்டு பதில் சொல்லாமல் இழுக்கும் ரீஜன்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டும் டைம்அவுட் வரை காத்துக் கிடக்கும், பின்னால் வந்தவை குவியும், கடைசியில் மூச்சுத் திணறுவது உங்கள் சர்வர். அதற்குத்தான் ஹெட்ஜிங், அதாவது பதில் தாமதமானால் அதே ரிக்வெஸ்ட்டை இன்னொரு ரீஜனுக்கும் அனுப்புவது.

கேள்வி: ஹெட்ஜிங்கை எப்படி வைப்பது?

பதில்: கிளையன்ட் ஆப்ஷன்ஸில் அவைலபிலிட்டி ஸ்ட்ராட்டஜி என்று இருக்கிறது. த்ரெஷோல்ட் 500 மில்லிசெகண்ட், ஸ்டெப் 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் ரீஜன் 500க்குள் பதில் தராவிட்டால் அதே ரீட் இரண்டாவதுக்கும் போகும், இன்னும் 100 கழிந்தால் மூன்றாவதுக்கும், எது முந்துகிறதோ அதை எடுத்துக்கொள்ளும். தயவுசெய்து 20, 30 என்று வைக்காதீர்கள், சாதாரண நாளிலேயே எல்லா ரீஜனிலும் ஆர்யூ (ரிக்வெஸ்ட் யூனிட், காஸ்மோஸ் கட்டணம் கணக்கிடும் அளவு) கரையும். உங்கள் பி99 லேட்டன்சியை (நூறில் 99 ரிக்வெஸ்ட்டுக்குப் பதில் வந்துவிடும் நேரம்) பார்த்து அதற்குச் சற்று மேலே வையுங்கள்.

கேள்வி: ரைட்டுக்கும் இது உதவுமா?

பதில்: ரைட் ரீஜன் ஒன்றே என்றால் உதவாது. மல்டி ரீஜன் ரைட் இருந்தால் தனியாக ஆன் செய்யலாம், ஆனால் ஒரே ரைட் இரண்டு இடத்தில் விழுந்து கான்ஃப்ளிக்ட் வரலாம் என்பதை யோசித்துவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: ஒரு ரீஜன் சொதப்புகிறது என்று எனக்கே தெரிகிறது. டிப்ளாய் செய்யாமல் ஒதுக்க முடியுமா அண்ணா?

பதில்: முடியும். ரிக்வெஸ்ட் ஆப்ஷன்ஸில் எக்ஸ்க்ளூட் ரீஜன்ஸ் இருக்கிறது, அந்தப் பட்டியலைக் கான்ஃபிகில் இருந்து படிக்கும்படி எழுதிவிடுங்கள். எல்லா ரீஜனையும் அதில் போட்டுவிட்டால் ரிக்வெஸ்ட் பிரைமரி (முதன்மை) ரீஜனுக்கே போகும்.

கேள்வி: எல்லாம் செய்தும் பழைய ரீஜனுக்கே திரும்பத் திரும்பப் போகிறதே?

பதில்: ஒவ்வொரு ரிக்வெஸ்ட்டுக்கும் புது காஸ்மோஸ் கிளையன்ட் உருவாக்குகிறீர்களா என்று முதலில் பாருங்கள். எந்த ரீஜன் சரியில்லை என்ற நினைவு அந்த ஆப்ஜெக்ட்டுக்குள்தான் இருக்கிறது. அதைத் தூக்கிப் போட்டால் நினைவும் போச்சு, மறுபடியும் முதல் ரீஜனில்தான் போய் முட்டும். அப்ளிகேஷன் முழுக்க ஒரே கிளையன்ட் போதும்.

கேள்வி: இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

பதில்: டெஸ்ட் மெஷினில் கேட்வே மோடில் (ரிக்வெஸ்ட் எல்லாம் காஸ்மோஸின் கேட்வே வழியாகப் போகும் முறை) ஓட்டுங்கள். அக்கவுன்ட் பெயரோடு ரீஜன் பெயர் சேர்ந்த முகவரி ஒன்று இருக்கும், அதன் ஐபியை ஐபிடேபிள்ஸில் (லினக்ஸ் ஃபயர்வால்) தடுங்கள். ரிஜெக்ட் வேண்டாம், டிராப் போடுங்கள். ரிஜெக்ட் உடனே எரர் தந்துவிடும், எஸ்டிகே ஜோராகத் தப்பிவிடும், நீங்களும் எல்லாம் சரி என்று நம்பிவிடுவீர்கள். டிராப் போட்டால்தான் பாக்கெட் சத்தமில்லாமல் மறையும், அரை செகண்டில் இரண்டாவது ரீஜனில் இருந்து பதில் வருகிறதா என்பது அப்போது தெரிந்துவிடும்.