காலாங்கை இடித்தவர்கள்

அன்புள்ள ஐயா,

சிங்கப்பூர் காலாங்கில் இருந்த பழைய தேசிய விளையாட்டரங்கத்தின் பலகை இருக்கைகளைப் பற்றி நீங்கள் சென்ற வாரம் எழுதிய குறிப்பை என் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விட்டார். எனக்கு 29 வயது. எனக்குத் தெரிந்த காலாங், புதிய அரங்கம்தான். அதிலும் 55,000 இருக்கைகள். மேலே திறந்து மூடும் கூரை இருக்கிறது, மழையில் நனைய வேண்டியதில்லை. முதுகு சாயக்கூட வழியில்லாமல் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருந்த ஓர் இடத்துக்காக உங்கள் தலைமுறை ஏன் இப்படி ஏங்குகிறது என்பது எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. நீங்கள் ஏங்குவது அரங்கத்துக்கா, உங்கள் இளமைக்கா? தவறாகக் கேட்டிருந்தால் மன்னிக்கவும்.

ஒரு வாசகர், ஈசூன்

*

அன்புள்ள தம்பி,

தவறாக ஒன்றும் கேட்கவில்லை. என் மனைவி இருபது ஆண்டுகளாகக் கேட்கிற கேள்விதான் இது. அவர் மன்னிப்பெல்லாம் கேட்பதில்லை.

இளமைக்குத்தான் என்று ஒப்புக்கொண்டு கடிதத்தை இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் அது பாதிதான். மீதிப் பாதி கொஞ்சம் சங்கடமானது. அதனால்தான் சென்ற வாரம் எழுதாமல் விட்டேன்.

முதலில் அந்தப் பலகைகள். காலாங் பாருவில் எங்கள் வீடு. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தார். மலேசிய மாநில அணிகளோடு சிங்கப்பூரும் மோதிய மலேசியக் கிண்ணக் காற்பந்து ஆட்டம் இருக்கிற நாளில் மாலை நான்கு மணிக்கே என்னை இழுத்துக்கொண்டு நடப்பார். எம்ஆர்டி ரயில் எல்லாம் அப்போது ஏது? கேலரியில் நமக்கென்று ஓர் இருக்கை கிடையாது, நீளப் பலகைதான். எத்தனை பேர் நெருக்கி உட்கார முடியுமோ அத்தனை பேர். அப்பா பக்கத்தில் இருப்பவரைப் பார்த்து, "பாங், சிக்கிட்" என்பார். அண்ணே, கொஞ்சம் என்று அர்த்தம். அவ்வளவுதான் அவருடைய மலாய். அந்த மனிதரும் சிக்கிட் நகர்வார், எனக்கு அரைப் பலகை கிடைக்கும். அடுத்த மூன்று மணி நேரம் அவர் தொடையும் என் தொடையும் ஒட்டியே இருக்கும். முன் வரிசையில் ஒரு சீன ஆப்பேக், அதாவது பெரியவர், காகிதக் கூம்பில் காச்சாங் பூத்தே கடலை வைத்திருப்பார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பாமலேயே கூம்பைப் பின்னால் நீட்டுவார்.

நடுவர் நமக்கு எதிராக விசில் ஊதினால் அரங்கம் முழுக்க ஒரே குரல்: "ரெஃப்ரீ காயு!" தஞ்சாவூரிலிருந்து வந்திருந்த என் சித்தப்பாவை ஒருமுறை கூட்டிப்போனோம். ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது, "அந்த ஆளை ஏன்டா எல்லாரும் காய் காய்னு சொல்றாங்க?" என்று கேட்டார். காயு என்றால் மலாயில் மரக்கட்டை. நாம் மரமண்டை என்று திட்டுகிறோமே, அதேதான். விளங்கியதும் அடுத்த ஆட்டத்தில் எங்கள் எல்லாரையும்விட அவர்தான் சத்தமாகக் கத்தினார்.

அந்த அரங்கத்துக்கு ஆன செலவில் ஒரு பகுதி டோட்டோ, சுவீப் என்ற லாட்டரிச் சீட்டுகளிலிருந்து வந்தது. அப்பா அதை ஒவ்வொரு முறையும் நினைவுபடுத்துவார். "இந்தத் தூண் என் காசுடா" என்பார். அவருக்கு வாழ்நாளில் ஒரு நம்பரும் விழுந்ததில்லை.

நம் ஆட்களும் இருந்தார்கள். பந்தை வாழைப்பழம் மாதிரி வளைத்து அடிக்கிற எஸ். ராஜகோபால், 1977இல் கிண்ணத்தை வாங்கிய அணியின் தலைவர் சமத் அல்லாப்பிச்சை, அப்புறம் என் வயதுக்காரர்களின் நாயகன் வி. சுந்தரமூர்த்தி. அவர் காலில் பந்து வந்தாலே கேலரி எழுந்து நின்றுவிடும். நம் வீட்டுப் பெயர் மாதிரி ஒரு பெயரை ஐம்பதாயிரம் பேர், அதில் பெரும்பாலோர் தமிழர் அல்லாதவர்கள், ஒன்றாகக் கூவுவதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இதை உங்களுக்கு எப்படி விளக்குவது என்று தெரியவில்லை.

சரி, சங்கடமான பாதிக்கு வருகிறேன்.

பழைய அரங்கம் 1973 ஜூலையில் திறந்தது, 2007 ஜூன் 30 அன்று மூடியது. இடிக்கத் தொடங்கியது 2010இல். வேடிக்கை என்னவென்றால், ஸ்டேடியம் எம்ஆர்டி நிலையம் திறந்ததும் அதே 2010இல்தான். நிலையம் வந்த நேரத்தில் ஸ்டேடியம் போய்க்கொண்டிருந்தது. ஆனால் என் கணக்கில் காலாங் போனது இந்த ஆண்டுகள் எதிலும் இல்லை. 1994இல் போனது.

அந்த டிசம்பரில் மலேசியாவின் ஷா ஆலமில் பாஹாங் மாநில அணியை 4-0 என்று வென்று கிண்ணத்தைக் கொண்டுவந்தோம். அப்பாஸ் சாட் மூன்று கோல். லீக் பட்டமும் அந்த ஆண்டு நமக்குத்தான். அதோடு மலேசியப் போட்டிகளிலிருந்து சிங்கப்பூர் விலகியது. 1996இல் சிங்கப்பூருக்கென்றே தனியாக எஸ்-லீக் வந்தது. தெம்பனிஸ், ஜூரோங், உட்லண்ட்ஸ் என்று வட்டாரத்துக்கு ஓர் அணி, வீட்டுக்குப் பக்கத்திலேயே திடல். நான் எத்தனை ஆட்டத்துக்குப் போனேன் என்கிறீர்கள்? இரண்டு. இரண்டாவது ஆட்டத்தில் பாதியிலேயே எழுந்து கோப்பிக்கடைக்குப் போய்விட்டேன். அங்கே தொலைக்காட்சியில் மான்செஸ்டர் ஆடிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் பத்துப் பதினைந்து வருடம், வாரம் தவறாமல் அந்த நாற்காலியில்தான் இருந்தேன். என் நண்பர்களும் அப்படித்தான். 2005 ஜனவரியில் இந்தோனேசியாவை வென்ற டைகர் கோப்பை (தென்கிழக்காசியக் கிண்ணம்) இறுதி மாதிரி ஒருசில இரவுகளில் காலாங் நிரம்பியது. மற்ற நாள்களில் காற்றுதான்.

மூடுவிழாவுக்கு ஆஸ்திரேலியா வந்தது. 3-0 என்று தோற்றோம். நானும் போயிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் பலகையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பன்னிரண்டு பதிமூணு வருஷம் ஆச்சு அண்ணே, இந்தப் பக்கம் வந்து." நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் ஏறத்தாழ அதே கணக்குதான். அன்று அழுத எங்களில் பாதிப் பேர், உயிரோடு இருக்கும்போது எட்டிப்பார்க்காமல் காரியத்துக்கு மட்டும் வந்து கதறுகிற சொந்தக்காரர்கள்.

ஆகவே புதிய அரங்கத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. 310 மீட்டர் அகலக் குவிமாடத்தின் கீழே இருக்கைக்கு அடியிலிருந்து குளிர்காற்று வரும்போது அப்பாவை இங்கே கூட்டிவந்திருக்கலாமே என்றுதான் தோன்றும். நீங்கள் சொன்ன 55,000 கணக்கில் மட்டும் ஒரு சின்ன விஷயம். பழைய 55,000 இருக்கை காற்பந்துக்காகக் காத்திருந்தது. தேசிய தின அணிவகுப்பு 18 முறை நடந்ததும் அங்கேதான் என்றாலும், வீட்டுக்காரன் காற்பந்து. புதியதில் காற்பந்து வாடகைக்கு வருகிறது. 2024 மார்ச்சில் டெய்லர் ஸ்விஃப்ட் ஆறு இரவு பாடினார், என் மகளும் போனாள், ஆறும் நிரம்பின. அதே ஆண்டு டிசம்பரில் ஆசியான் கிண்ண அரையிறுதியில் வியட்நாமோடு மோதிய ஆட்டம் எங்கே நடந்தது தெரியுமா? ஆறாயிரம் பேர் உட்காரக்கூடிய ஜாலான் புசாரில்.

அந்த ஜாலான் புசாரையும் இடித்தார்கள். 1929இல் திறந்த அரங்கம். காலாங் வருவதற்கு முன் நம் காற்பந்தின் வீடு அதுதான், அப்பா இளைஞராக இருந்தபோது போனது அங்கேதான். தொண்ணூறுகளின் கடைசியில் மூடி இடித்து, 2003இல் அதே இடத்தில் செயற்கைப் புல்லோடு மறுபடி திறந்தார்கள். அதற்காக யாராவது ஏங்கி எழுதிப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை. அங்கே ஆட்டம் நிற்கவில்லை, அவ்வளவுதான். இன்றும் ஆட்டம் முடிந்து சனம் லிட்டில் இந்தியாவின் தேக்கா பக்கம் நடந்து வந்து பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே ரெஃப்ரீயைத் திட்டுகிறது. பழைய சுவர் எங்கே இருந்தது என்று எவரும் கேட்பதில்லை.

எனக்கு உண்மையிலேயே வலிப்பது ஃபேரர் பார்க் திடல். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல், 1942 பிப்ரவரியில் பல்லாயிரம் இந்தியச் சிப்பாய்களைப் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்த இடம். எனக்கோ சட்டையைக் கழற்றிக் குவித்துக் கோல் கம்பமாக வைத்த இடம். அங்கே இப்போது வீவக, அதாவது அரசாங்க அடுக்குமாடி, வீடுகள் வருகின்றன. வீடு வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன்? என் மகளும் வீட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

உங்கள் அப்பா ஏன் எழுந்து போனார் என்று எனக்குத் தெரியாது. இடித்த துக்கமாக இருக்கலாம். ஒரு நாள் அவர் நல்ல மனநிலையில் இருக்கும்போது, காலாங்குக்குக் கடைசியாக எந்த ஆண்டு போனார் என்று கேட்டுப் பாருங்கள். 2007 என்று சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன். என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.